இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம்?

உயிருள்ள எதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாலும், தண்ணீரையும் உப்புகளையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் நான்கு வகைக் கரிம மூலக்கூறுகள்தான். சர்க்கரையும் மாவுச்சத்தும் ஒரு வகை. கொழுப்பு இன்னொன்று. புரதம் மூன்றாவது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்கிற நியூக்ளிக் அமிலங்கள் நான்காவது.

நான்காவது வகையின் கதை எல்லோருக்கும் தெரியும். 1953, கேம்பிரிட்ஜ், வாட்சன், கிரிக், இரட்டைச் சுருள். அதற்கு அடுத்த வருஷமே மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறுக்கு மெட்ராஸ் கிண்டியிலிருந்து ஒரு மூன்று சர அமைப்பு வந்தது. அதே கிரிக், அதில் குறை இருக்கிறது என்று எழுதினார். குறை என்னவென்றால், 'உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன' என்பதுதான். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அந்தக் குறையைத் துரத்திக்கொண்டு போனதில் பிறந்த ஒரு வரைபடத்தின் முன்னால்தான் இன்றைக்கும் உலகத்தில் கண்டுபிடிக்கப்படுகிற புரத அமைப்புகள் பரீட்சைக்கு நிற்கின்றன. இந்தப் பதிவு அந்தக் குறையைப் பற்றியது.

முதலில் அந்த மூலக்கூறு. நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கிற புரதம் எது என்று கேட்டால் பலர் தசையையோ ரத்தத்தையோ நினைப்பார்கள். விடை கொலாஜன். உடம்பின் மொத்தப் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாது. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, கண்ணின் கருவிழிக்கு முன்னால் இருக்கிற கார்னியா என்று எங்கெங்கே இழுவையைத் தாங்க வேண்டுமோ அங்கெல்லாம் இதுதான். ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் அல்வா மாதிரி உறைந்து கிடக்கிறதே, அது கொலாஜன் வெந்து ஜெலட்டினாக மாறியதன் அடையாளம். சரங்கள் சூட்டில் பிரிந்துவிடுகின்றன. ஆறும்போது கண்டபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்கின்றன.

புரதம் என்பது ஒரு சங்கிலி. கண்ணிகள் அமினோ அமிலங்கள். வழக்கமாக 20 வகை. ஒரு கண்ணியையும் அடுத்ததையும் சேர்ப்பது பெப்டைட் பிணைப்பு. சங்கிலி எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேலை. ஒரு மடிப்பில் அது ஆக்ஸிஜனைச் சுமக்கும், வேறொரு மடிப்பில் உணவைச் செரிக்கும், இன்னொன்றில் எலும்பைத் தாங்கும். எனவே 1930களிலிருந்தே விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி, இந்தச் சங்கிலி என்ன வடிவத்தில் கிடக்கிறது? லீட்ஸில் ஆஸ்ட்பரி முடியையும் கம்பளியையும் எக்ஸ்-கதிரில் வைத்துப் படம் எடுத்தார். 1951இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு என்ற இரண்டு வடிவங்களை வெளியிட்டார்கள். அவர்கள் பிடித்த முக்கியமான துப்பு, பெப்டைட் பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில், விறைப்பான அட்டை போலக் கிடக்கின்றன என்பது. இது பின்னால் வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் பாலிங்கும் கோரியும் கொலாஜனுக்கும் ஒரு அமைப்பு சொன்னார்கள். அது எக்ஸ்-கதிர்ப் படத்தோடு ஒத்துவரவில்லை. கொலாஜன் திறந்த கேள்வியாகவே நின்றது.

இந்த இடத்தில் ஜி. என். ராமச்சந்திரன் வருகிறார். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்து, அங்கே சி. வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். பிறகு கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் வேலை. 1952இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லக்ஷ்மணசாமி முதலியார் இயற்பியல் துறையை நடத்த இவரைக் கூப்பிட்டார். அப்போது வயது முப்பதுதான்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸுக்கு வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே. டி. பெர்னாலோடு பேசிக்கொண்டிருந்தபோது, கொலாஜனுக்கு இன்னும் சரியான அமைப்பு கிடைக்கவில்லை என்ற பேச்சு வந்திருக்கிறது. ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். கொலாஜனைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, அடையாறில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுவது என்றால் வேதியியலில் கொலாஜனைக் கெடாமல் காப்பாற்றுவது என்றுதான் அர்த்தம். அதனால் சரக்கும், சரக்கைப் பற்றித் தெரிந்த ஆட்களும் நடந்துபோகிற தூரத்தில் கிடைத்தார்கள்.

கூட வேலை செய்தவர் கோபிநாத் கர்த்தா. அவர்கள் கையில் இருந்தது இரண்டே தகவல்தான். ஒன்று, எக்ஸ்-கதிர்ப் படம். கொலாஜன் நார் என்பதால், நல்ல படிகம் தருகிற மாதிரி ஆயிரக்கணக்கான கூர்மையான புள்ளிகள் இல்லை. மங்கலான சில வில்கள்தான். அதை வைத்து ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் நாரின் நீளவாக்கில் சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராம் ஏற்றம் இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.

இரண்டாவது தகவல் வெறும் வேதியியல் கணக்கு. கொலாஜனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின். புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் வழக்கத்துக்கு மீறி அதிகம். எந்த வரிசையில் இருக்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது. எத்தனை சதவீதம் என்று மட்டும்தான் தெரியும்.

அந்த மூன்றில் ஒன்று என்ற எண்ணைத்தான் ராமச்சந்திரன் பிடித்தார். கிளைசின் அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னது. மற்றவற்றில் பக்கவாட்டில் ஒரு கொத்து தொங்கும். கிளைசினில் அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின் என்று வைத்துக்கொண்டால்? மூன்று சரங்கள் ஒன்றாக நிற்கின்றன, ஒவ்வொரு சரமும் மூன்று கண்ணிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால்? அப்போது ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் நடுவே, மூன்று சரமும் சந்திக்கிற இடத்துக்கு வரும். அங்கே இடமே கிடையாது. கிளைசினைத் தவிர வேறு எதுவும் நுழையாது. ஏன் இத்தனை கிளைசின் என்பதற்கு வடிவமே பதில் சொல்லிவிட்டது.

ராமச்சந்திரனும் கர்த்தாவும் இதை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். முதல் மாதிரியில் மூன்று சரங்களும் பக்கம் பக்கமாக நேராக நின்றன. 1955 செப்டம்பரில் திருத்திய மாதிரியில் மூன்றும் ஒன்றையொன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டன. தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்று புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் இழுத்தால் அவிழாது. கொலாஜனிலும் அப்படித்தான்: தனிச் சரம் இடப்பக்க முறுக்கு, மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்க முறுக்கு. உண்மையான முப்புரிக் கயிறு.

இரண்டே மாதத்தில், 1955 நவம்பரில், அதே 'நேச்சர்' இதழில் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள். மூன்று சரம் ஒன்றையொன்று சுற்றுகிறது என்ற அடிப்படையை அவர்களும் வைத்துக்கொண்டார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் ஒரு குழு இதே மாதிரியான அமைப்புக்கு வந்திருந்தது. தகராறு விவரத்தில்தான். மெட்ராஸ் மாதிரியில் மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சரங்களைக் கட்டிவைத்தன. அந்த இரண்டையும் சாத்தியமாக்க வேண்டுமானால் சில அணுக்கள் நெருங்கி உட்கார வேண்டும். அந்த அளவுக்கு நெருங்க முடியாது என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். அவர்கள் மாதிரியில் மூன்று கண்ணிக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்புதான்.

நாற்பது வருஷம் தள்ளி நின்று பார்த்தால் தீர்ப்பு இப்படி. 1994இல் பெல்லா, பிராட்ஸ்கி, பெர்மன் உள்ளிட்டோர் கொலாஜன் மாதிரி செய்யப்பட்ட ஒரு சின்னப் பெப்டைடின் படிக அமைப்பை நுணுக்கமாக வெளியிட்டார்கள். மூன்று சரம், நடுவில் கிளைசின், எதிரெதிர் முறுக்கு எல்லாம் மெட்ராஸில் சொன்னபடியே இருந்தது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் மூன்றுக்கு ஒன்று. அதில் ரிச்–கிரிக் பக்கம் சரி. மாதிரியைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் வலை பின்னியிருந்தன. இதற்கு முன்பே, 1968இல், ஒரு பிணைப்பு நேரடியாகவும் இன்னொன்று தண்ணீர் மூலக்கூறு வழியாகவும் இருக்கலாம் என்று ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் எழுதியிருந்தார்கள். 'கிரிக் நம்ம ஆள் பெயரைத் தட்டிப் பறித்துவிட்டார்' என்று நம் ஊரில் சிலர் சொல்வதும், 'முதல் மாதிரி தப்பு, ஆகையால் பெருமை இல்லை' என்று வேறு சிலர் சொல்வதும் இரண்டுமே கதையின் பாதிதான். அஸ்திவாரம் கிண்டியில் போடப்பட்டது. ஒரு சுவரை மாற்றிக் கட்டியவர்கள் கேம்பிரிட்ஜ்காரர்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சூழ்நிலை பழக்கமானது. நீங்கள் எழுதிய கோடை ஒருவர் பார்த்துவிட்டு 'இது விதிக்கு உட்படவில்லை' என்று குறிப்பு போடுகிறார். நீங்கள் விதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிறீர்கள். எங்கேயும் முழுசாக எழுதியில்லை. அப்போது இரண்டு வழி. ஒன்று, குறிப்புப் போட்டவரோடு மல்லுக்கு நிற்பது. இரண்டு, உட்கார்ந்து அந்த விதியை நாமே எழுதுவது.

ராமச்சந்திரன் இரண்டாவதைச் செய்தார். அளவுக்கு மீறி நெருக்கம் என்கிறார்கள், சரி, அளவு என்ன? பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம்? ஒரு கார்பனும் ஆக்ஸிஜனும்? இரண்டு ஹைட்ரஜன்கள்? அதுவரை படிக அமைப்பு தெரிந்திருந்த அமினோ அமிலங்கள், சின்னப் பெப்டைடுகள், அவற்றைப் போன்ற சேர்மங்கள் எல்லாவற்றையும் அலசி, நிஜத்தில் எவ்வளவு நெருக்கம் காணப்படுகிறது என்று அவர் குழு அட்டவணை போட்டது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லை: வழக்கமான குறைந்தபட்சத் தூரம் ஒன்று, மிஞ்சிப்போனால் அனுமதிக்கலாம் என்கிற தூரம் ஒன்று. கார்பன்–கார்பனுக்கு 3.2 ஆங்ஸ்ட்ராம், போனால் போகிறது என்றால் 3.0. ஹைட்ரஜன்–ஹைட்ரஜனுக்கு 2.0, போனால் போகிறது என்றால் 1.9.

அடுத்து வந்ததுதான் பெரிய பாய்ச்சல். இந்த அட்டவணையைக் கொலாஜனுக்கு மட்டும் ஏன் பயன்படுத்த வேண்டும்? எல்லாப் புரதச் சங்கிலிக்கும் பொதுவாகக் கேட்டால் என்ன?

பாலிங்கின் விறைப்பான அட்டை இங்கே வருகிறது. இரண்டு சீட்டுகளை மூலைக்கு மூலை ஒரு மணியில் கோத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு என்பது பெப்டைட் தளம், மணி என்பது நடுக் கார்பன். சீட்டுகள் வளையாது. மணியின் இந்தப் பக்கத்துச் சீட்டைத் திருப்பலாம், அந்தப் பக்கத்துச் சீட்டைத் திருப்பலாம், அவ்வளவுதான். ஆக ஒரு கண்ணிக்கு இரண்டே கோணங்கள். அவற்றுக்கு ஃபை, சை என்று பெயர். முழுச் சங்கிலியின் முதுகெலும்பையும் இந்த இரண்டு எண்களின் பட்டியலாக எழுதிவிடலாம். சதுரத் தாளில் ஃபையைக் குறுக்கேயும் சையை நெடுக்கேயும் போட்டால், சாத்தியமான ஒவ்வொரு நிலையும் அந்தத் தாளில் ஒரு புள்ளி.

ஒவ்வொரு புள்ளியிலும் எந்த அணுவாவது எந்த அணுவையாவது முட்டுகிறதா என்று அட்டவணையை வைத்துப் பார். முட்டினால் அந்தப் புள்ளியை அடி. முட்டாவிட்டால் வைத்துக்கொள். இரண்டு லூப், உள்ளே ஒரு தூரக் கணக்கு. இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவர் மதிய சாப்பாட்டுக்கு முன் எழுதிவிடுவார். பத்து பத்து டிகிரியாகப் போனாலும் 36 தடவை 36, அதாவது 1,296 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் பல அணு ஜோடிகள். லேப்டாப்புக்கு இது ஒரு கண்சிமிட்டல். சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ராமச்சந்திரனோடு சேர்ந்து இதை மேசைக் கணக்கு இயந்திரத்தில் போட்டார்கள். கோணவியல் அட்டவணை ஒரு கை, இயந்திரம் மறு கை என்கிற காலம்.

1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' இதழில் முடிவு வந்தது. ஐந்தே பக்கம். தாளில் பெரும்பகுதி அடிபட்டுப் போயிருந்தது. மிஞ்சியவை சில தீவுகள் மட்டும். கிட்டத்தட்ட முக்கால்வாசி இடத்தில் சங்கிலி நிற்கவே முடியாது, ஏனென்றால் அதன் அணுக்களே ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். ஒரு தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் உட்கார்ந்திருந்தது. இன்னொரு தீவில் பீட்டா தகடும் கொலாஜனும் இருந்தன. பக்கக் கொத்து இல்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் விரிந்து, நிறைய இடம் கிடைத்தது. ஆற்றல் சமன்பாடு இல்லை, குவாண்டம் இயற்பியல் இல்லை. அணுக்களைக் கெட்டியான கோலிகுண்டுகளாக நினைத்துக்கொண்டு, முட்டுகிறதா இல்லையா என்று கேட்டதற்கே இவ்வளவு பதில்.

இதுதான் ராமச்சந்திரன் வரைபடம். அப்போது முழு அமைப்பு தெரிந்த புரதங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. அவற்றின் கோணங்களை அந்தத் தாளில் போட்டபோது அதே தீவுகளில் போய் மொய்த்தன.

புரதங்களின் அமைப்புகளைச் சேமிக்கிற உலகப் பொதுத் தரவு வங்கி 1971இல் தொடங்கியது. இன்றைக்கு அதில் ஒரு அமைப்பைச் சேர்த்தால் கூடவே ஒரு தணிக்கை அறிக்கை வரும். எத்தனை கண்ணிகள் ராமச்சந்திரன் தீவுகளுக்கு வெளியே விழுந்திருக்கின்றன என்பது அதில் ஒரு வரி. நிறைய வெளியே விழுந்தால், அநேகமாகச் சங்கிலியை எங்கேயோ தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு மதிப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து அமைப்பைச் செதுக்குகிற நிரல்கள் பிணைப்பு நீளம், பிணைப்புக் கோணம் போன்றவற்றைச் சரியான அளவுக்குத் தாங்களே இழுத்து வைக்கும். அதனால் அவை சரியாக இருப்பதில் அதிசயமில்லை. ஃபை, சை கோணங்களை வழக்கமாக அப்படி இழுப்பதில்லை. பாடத்தில் சொல்லித்தராத கேள்விக்கு மாணவன் சரியாகப் பதில் சொன்னால்தானே அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று நம்புவோம்? இது அந்த மாதிரிக் கேள்வி. வரைபடத்துக்குப் பொருந்தும்படி நிரலையே வளைத்துவிட்டால் பரீட்சையின் அர்த்தம் போய்விடும் என்று இத்துறையில் உள்ளவர்கள் எச்சரிப்பது இதனால்தான். புரத அமைப்பைக் கணினியிலேயே ஊகித்ததற்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படி ஊகித்த அமைப்புகளையும் இதே தாளில் போட்டுப் பார்க்கிறார்கள்.

எக்ஸ்-கதிர்க்காரர்கள் சண்டை நமக்கு எதற்கு என்று தோன்றினால், நடுவில் உட்கார்ந்த கிளைசினுக்குத் திரும்பிப் போவோம். எலும்புகள் சின்ன அடிக்கே நொறுங்குகிற ஒரு பிறவி நோய் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் பல தடவை எலும்பு முறியும். கடுமையான வகையில் குழந்தை பிழைப்பதே இல்லை. பெரும்பாலும் காரணம் கொலாஜன் மரபணுவில் பிழை. அதில் அடிக்கடி காணப்படுவது, கிளைசின் இருக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தில் வேறொரு அமினோ அமிலம் வந்துவிடுவது. சரத்துக்கு ஆயிரம் சொச்சம் கண்ணி. அதில் ஒன்றுதான் மாறியது. ஆனால் நடுவில் இடமில்லை என்று 1954இல் சொன்னது அங்கே அப்படியே நடக்கிறது. புரி சரியாக முறுக்கிக்கொள்ளாது. 1994இல் படிகமாக்கிய பெப்டைடிலும் வேண்டுமென்றே ஒரு கிளைசினை எடுத்துவிட்டு அலனினை வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கயிறு லேசாகப் புடைத்து, நேரடிப் பிணைப்புகள் அறுந்து, இடைவெளியில் தண்ணீர் புகுந்திருப்பது தெரிந்தது. ஸ்கர்வி நோயும் இந்தக் கயிற்றில்தான் வந்து முடிகிறது. புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்ற வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காவிட்டால் முப்புரி உடல் சூட்டில் உறுதியாக நிற்காது. ஈறு வீங்கி ரத்தம் கசிவதும், ஆறிய புண் மறுபடி திறப்பதும் அதனால்தான்.

கடைசியாக ஒரு கணக்குப் பாக்கி. வரைபடத்துக்கு ஒருவர் பெயர்தான் நிலைத்தது. 1963 கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். பின்னால் ராமச்சந்திரன் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை ஏற்படுத்தியபோது மற்ற இருவரும் அங்கே பல வருஷம் வேலை செய்தார்கள், சசிசேகரன் டி.என்.ஏ. அமைப்பு பற்றிய விவாதங்களில் முக்கியமான ஆளானார். கொலாஜன் கட்டுரைகளில் இருக்கிற கர்த்தா அமெரிக்காவில் பஃபலோவுக்குப் போனார். 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முழு அமைப்பை ஹார்க்கர், பெல்லோ இருவரோடு சேர்ந்து வெளியிட்டார். முழு அமைப்பு தெரியவந்த முதல் சில நொதிகளில் அது ஒன்று. ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

தரவு வங்கியின் தளம் யாருக்கும் இலவசம்தான். இன்சுலினோ ஹீமோகுளோபினோ, ஏதாவது ஒரு புரதத்தைத் தேடித் தணிக்கை அறிக்கையைத் திறந்து பாருங்கள். உள்ளே அந்தப் பெயர் இருக்கும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். கிண்டியில் மேசை இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்ட கணக்கின் மிச்சம் அது.